கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் புதிதாக மாற்றியும் பி0118 என்ற கோளாறு கோடு திரும்பத் திரும்ப வருகிறது. கோளாறு எங்கே?

புது சென்சார் போட்டும் அதே கோடு வருகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கனெக்டரையும், அதிலிருந்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்குப் போகும் சிக்னல், எர்த் என்ற இரண்டு வயர்களையும்தான். பி0118 என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. சிக்னல் வயரில் வோல்டேஜ் மிக அதிகமாக இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. சர்க்யூட் எங்கே அறுந்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். பி0117 இதற்கு நேர்மாறு. சிக்னல் வயர் எங்கோ எர்த்தில் ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது சென்சாரே உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கும்.

இசியு தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் சூடேறச் சூடேற அதன் மின்தடை (ஓம்) குறையும், வோல்டேஜும் இறங்கும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2500 ஓம், 60 டிகிரியில் 600, 80 டிகிரியில் 320, 100 டிகிரியில் 190. வண்டிக்கு வண்டி இது மாறும். சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணையே நம்புங்கள்.

கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் எண்களை) திறந்து, இக்னிஷனை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் கனெக்டரைக் கழற்றுங்கள். மைனஸ் 40 டிகிரி காட்ட வேண்டும். (சில இசியுக்கள் கோளாறு தெரிந்தவுடன் 80 போல ஒரு மாற்று எண்ணைத் தாமே காட்டும். அப்போது ஸ்கேனரை விட்டுவிட்டு, கனெக்டரின் இரண்டு பின்களுக்கு இடையே 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.) பிறகு அந்த இரண்டு பின்களையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். எண் 120, 130-க்கு மேல் தாவினால் வயரிங்கும் இசியுவும் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது சென்சாரும், அதன் பின்னை இறுகப் பிடிக்காத டெர்மினலும்தான்.

தாவவில்லையா? சிக்னல் பின்னிலிருந்து மட்டும் வயரை பேட்டரி நெகட்டிவில் தொட்டுப் பாருங்கள். இப்போது தாவினால் சென்சாரின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. இதற்கும் அசையவில்லை என்றால் இசியு பக்கத்துப் பின்னில் அளக்க வேண்டும்: அங்கே 5 வோல்ட் இருந்து கனெக்டரில் இல்லையென்றால் சிக்னல் வயர் கட். அங்கேயும் இல்லையென்றால், இசியுவைக் குறை சொல்லும் முன் அதற்கு வரும் சப்ளையையும் எர்த்தையும் சரிபாருங்கள். இந்தச் சோதனைகளில் எந்தக் கட்டத்திலும் 12 வோல்ட் சிக்னல் வயரில் பட்டுவிடக் கூடாது; இசியு போய்விடக்கூடும்.

பலரை அலைக்கழிப்பது அறுந்த வயர்கூட அல்ல, கனெக்டருக்குள் பூக்கும் பச்சைக் களிம்பு. அது 300 ஓம் கூட்டுகிறது என்று வையுங்கள். குளிர்ந்த எஞ்சினில் 2500 ஓம் 2800 ஆகும். காட்டும் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரிதான் குறையும், யாருக்கும் தெரியாது. அதே எஞ்சின் 80 டிகிரிக்கு வந்ததும் 320 ஓம் 620 ஆகிவிடும். இசியுவோ எஞ்சின் இன்னும் 60 டிகிரியில்தான் இருக்கிறது என்று நம்பி, தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் விழும், கோடே வராமலும் போகலாம். அதனால் காலையில் குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஒத்துப்போகின்றன என்பதை வைத்து மட்டும் சர்க்யூட் சரி என்று முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் சூடானபின், சென்சார் பொருந்தியிருக்கும் இடத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து ஸ்கேனரோடு ஒப்பிடுங்கள். ஐடிலில் ஓடும்போது கனெக்டரையும் வயரையும் மெல்ல அசைத்தால் எண் துள்ளுகிறதா என்றும் கவனியுங்கள்.

எண் சீராக ஏறி 65, 70-இலேயே நின்றுவிட்டால், தெர்மாமீட்டர் அளவீடும் அதோடு பொருந்தினால், அது சென்சார் வேலையே இல்லை. கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது. சென்சாரை மாற்றும்போது கூலன்டில் காற்று புகுந்திருந்தாலும் எண் தாறுமாறாகும். எஞ்சின் நன்றாக ஆறியபின் மட்டுமே மூடியைத் திறந்து, மட்டத்தை நிரப்பி, காற்றை வெளியேற்றுங்கள்.

வேலை முடிந்ததும் கோளாறு கோடை அழித்துவிட்டு, மறுநாள் குளிர்ந்த ஸ்டார்ட்டிலிருந்து ஃபேன் ஓடும்வரை ஸ்கேனரில் கிராஃப் எடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது சின்ன இறக்கம் வரலாம். வேறெங்கும் கிராஃபின் கோடு செங்குத்தாக வெட்டி விழக் கூடாது.