பர்மாவில் எத்தனை பேர்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பொது அறிவுக்காகத் தென்கிழக்கு ஆசிய நாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மக்கள்தொகை, இனம், மதம், அரசு, பொருளாதாரம் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதி வருகிறேன். தாய்லாந்தும் வியட்நாமும் சீக்கிரம் முடிந்துவிட்டன, மியான்மரில்தான் மாட்டிக்கொண்டேன். 2012-ல் வந்த புத்தகத்தில் மக்கள்தொகை 6 கோடி. பிறகு வந்த ஒன்றில் 5.15 கோடி. நடுவில் அவ்வளவு பேர் செத்துப்போனதாக எங்கும் படிக்கவில்லை. பர்மியர் 68%, இந்தியர் 2% என்று பார்க்கும் இடத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அது எந்த வருடத்துக் கணக்கு என்று யாரும் போடவில்லை. நான் எதை எழுதுவது?

இன்னொன்றும் கேட்கவேண்டும். என் பாட்டி 1938-ல் ரங்கூனில் பிறந்தவர், 1964-ல் கப்பலில் சென்னை வந்தார். நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல நாங்க எங்கடி இருக்கோம்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, திருச்சி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 5.15 கோடி என்று எழுதி, பக்கத்தில் 2014 என்று போடுங்கள். அதற்குப் பிந்திய தொகை கேட்டால் 2024-க்கு ஐ.நா.வின் மதிப்பீடு சுமார் 5.45 கோடி. வருடம் போடாத எண்ணை நோட்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள், எந்த நாட்டுக்கும் இது பொருந்தும், பர்மாவுக்கு ரொம்பவே பொருந்தும்.

அந்த 6 கோடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1983-ல் அங்கே ஒரு கணக்கெடுப்பு நடந்தது, 3.53 கோடி பேர் என்றார்கள். கிளர்ச்சிக் குழுக்களின் கையில் இருந்த மலைப்பகுதிகளுக்குள் அப்போதும் யாரும் போகவில்லை, அந்த இடங்களுக்கு ஒரு மதிப்பீட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு 31 வருடம் கணக்கெடுப்பே கிடையாது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடி வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2% கூட்டிக்கொண்டே வந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் பிறப்பு விகிதம் குறைந்துகொண்டு வந்தது, லட்சக்கணக்கான இளைஞர்கள் வேலை தேடித் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். 2014-ல் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது வளர்ச்சி வருடத்துக்கு 0.89% என்று தெரிந்தது. ஆக, காணாமல்போன அந்தக் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேரில் யாரும் சாகவில்லை, அவர்கள் காகிதத்தில் மட்டும் பிறந்தவர்கள், இல்லையென்றால் வெளிநாடு போனவர்கள். இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு வருமானம், இத்தனை பேருக்கு ஒரு டாக்டர் என்று உங்கள் நோட்டில் நீங்கள் எழுதியிருக்கும் எல்லாமே மக்கள்தொகையால் வகுத்து வந்த எண்கள். வகுக்கும் எண் தப்பென்றால் அத்தனையும் தப்பு. 2014 கணக்கு வந்ததும் தலைக்கு வருமானம் ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது, யார் வீட்டிலும் ஒரு கியாட் (அந்த நாட்டு நாணயம்) கூட அதிகமாக வராமலேயே.

அந்த 2014 கணக்கெடுப்பை நான் மதிக்கிறேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பள்ளி ஆசிரியைகள், மார்ச் 30-லிருந்து ஏப்ரல் 10 வரை வெயிலில் நடந்து எடுத்த கணக்கு அது. வீட்டு விளக்குக்கு மின்சாரம் உள்ள வீடுகள் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு என்று அதில்தான் உறுதியாகத் தெரிந்தது. பத்தில் ஏழு வீடுகளில் விறகு அடுப்பு. 100 பெண்களுக்கு 93 ஆண்கள்தான், வேலைக்குப் போன ஆண்கள் வெளியே இருக்கிறார்கள் என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது. செல்போன் மூன்றில் ஒரு வீட்டில் என்று பதிவானது, அதே வருடம் சிம் கார்டு விலை 1,500 கியாட்டுக்கு இறங்கியதும் கொஞ்ச நாளில் அந்த எண் செல்லாக்காசாகிவிட்டது.

ஆனால் அதே கணக்கெடுப்பில் நடந்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அரசு வைத்திருக்கும் பட்டியலில் 135 இனங்கள் உண்டு, ராக்கைன் மாநிலத்தில் வாழும் முஸ்லிம் மக்களான ரோஹிங்யாக்களின் பெயர் அதில் கிடையாது. அவரவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுவோம் என்று முதலில் சொல்லியிருந்தார்கள், கணக்கெடுப்பு தொடங்க ஒருநாள் இருக்கும்போது பேச்சை மாற்றினார்கள். ராக்கைன் மாநிலத்தில் கணக்கெடுப்பவர் வாசலில் நின்று "என்ன இனம்?" என்று கேட்பார். "ரோஹிங்யா" என்று பதில் வந்தால் தாளை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இப்படி ராக்கைனில் மட்டும் 10 லட்சத்து 90 ஆயிரம் பேர் விடுபட்டார்கள். கச்சின், காயின் மாநிலங்களில் போர் நடந்த இடங்களையும் சேர்த்தால் 12 லட்சம். நீங்கள் எழுதப்போகும் 5.15 கோடியில் இந்த 12 லட்சமும் மதிப்பீடாகச் சேர்ந்திருக்கிறது. பெயர் இல்லாமல், வயது இல்லாமல், வீட்டில் விளக்கு எரிந்ததா என்று யாரும் கேட்காமல் வெறும் தொகையாக. மூன்று வருடம் கழித்து, 2017 ஆகஸ்டுக்குப் பிறகு, ரோஹிங்யாக்களில் 7 லட்சம் பேருக்கு மேல் ஊர் எரிய எரிய வங்கதேசத்துக்கு ஓடினார்கள். எண்ண மறுத்ததற்கும் துரத்தியதற்கும் தொடர்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

இனக் கட்டத்துக்கு வருவோம். பர்மியர் (பமார் இனத்தவர்) 68% என்பது ஏறக்குறைய அந்தப் பழைய 1983 கணக்கு (அதில் 69%). 2014-லும் இனம் கேட்டார்கள், ஆனால் நாடு முழுவதற்குமான இனவாரி முடிவை முறையாக வெளியிடவே இல்லை. மத விவரத்தையே இரண்டு வருடம் தள்ளி 2016 ஜூலையில்தான் வெளியிட்டார்கள்: பௌத்தர் 87.9%, கிறிஸ்தவர் 6.2%, முஸ்லிம் 4.3%, இந்து 0.5%. ஆகவே இனத்துக்கு 1983 என்றும் மதத்துக்கு 2014 என்றும் தனித்தனியாக வருடம் போடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதும் பக்கங்கள் உங்களைக் குழப்பத்தான் செய்யும்.

2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது உங்களுக்குத் தெரியும். அந்த அரசு 2024 அக்டோபரில் மறுபடி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மொத்தம் 5.13 கோடி என்று அறிவித்தார்கள். உண்மையில் ஆளைப் பார்த்து எண்ணியது 3.22 கோடிதான், மிச்சம் 1.91 கோடியும் மதிப்பீடு. 330 நகரியங்களில் (township என்னும் நிர்வாகப் பிரிவுகள்) முழுசாக எண்ண முடிந்தது 145-ல். என்னைக் கேட்டால் இந்த 145-ஐத்தான் அரசுக் கட்டத்தில் எழுதச் சொல்வேன். "தலைநகர் நேப்பிடா, 7 மாநிலம், 7 பிராந்தியம்" என்று எழுதுவதைவிட, ஆட்சி நாட்டில் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதை அது நேராகச் சொல்கிறது. கூடவே இன்னொரு எண்: 2008 அரசியலமைப்புப்படி இரண்டு அவைகளிலும் நான்கில் ஒரு இடம் ராணுவத்துக்கு, தேர்தல் இல்லாமலேயே. முக்கியமான பிரிவுகளைத் திருத்த நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஓட்டு வேண்டும். அதாவது ராணுவம் சம்மதிக்காமல் எதுவும் மாறாது. 2020 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி 396 இடம் ஜெயித்தும் நாடாளுமன்றம் கூடவேண்டிய நாளிலேயே எல்லாம் முடிந்துபோனது.

அப்புறம் பொருளாதாரம். இதில் ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றது அதிலிருந்தே விளங்கும். 2012 ஏப்ரல் வரை அரசு கணக்கில் ஒரு டாலருக்கு 6 கியாட் சொச்சம். ரங்கூன் கடைத்தெருவில் அதே டாலர் 800-க்கும் 1,000-க்கும் போனது. தாய்லாந்துக்கு எரிவாயு விற்று 100 டாலர் வந்தால் பட்ஜெட்டில் 600 சொச்சம் கியாட் என்று பதிவாகும், சந்தையில் அது கிட்டத்தட்ட ஒரு லட்சம் கியாட். நடுவில் உள்ள வித்தியாசம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, அது பட்ஜெட்டின் கண்ணிலேயே படவில்லை. இதே காலத்தில் வருடத்துக்கு 10%, 12% வளர்ச்சி என்று அரசு அறிவித்துக்கொண்டிருந்தது, வெளியே யாரும் நம்பவில்லை. இந்த எரிவாயுக் கணக்கை விடாமல் எழுதிவந்தவர் ஷான் டர்னெல் என்ற ஆஸ்திரேலியப் பொருளாதார அறிஞர், பிறகு சூச்சிக்கு ஆலோசகராகவும் இருந்தார். ராணுவம் வந்த சில நாளில் அவரைக் கைது செய்து, அரசு ரகசியச் சட்டத்தில் மூன்று வருடம் தண்டனை கொடுத்து, 2022 நவம்பரில்தான் விட்டார்கள். டாலருக்கு இரட்டை விலையும் திரும்பி வந்துவிட்டது: 2022-லிருந்து மத்திய வங்கி டாலருக்கு 2,100 என்று கட்டிவைத்தது, 2024-ல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியது. 2021-ல் பொருளாதாரம் 18% சுருங்கியதாக உலக வங்கி சொன்னது. அதே நாடு 2023-ல் ஆப்கானிஸ்தானைத் தாண்டி உலகத்திலேயே அதிகம் அபின் விளையும் இடமானது, அந்தப் பணம் அரசின் எந்தக் கட்டத்திலும் உட்காராது.

இனி உங்கள் பாட்டி. இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமான கேள்வி அவருடையதுதான்.

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் 10 லட்சத்துக்கு மேல், நூற்றுக்கு ஏழு பேர். ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர், சரியாகச் சொன்னால் 4 லட்சம் பேரில் 2 லட்சத்து 13 ஆயிரம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கீழ் பர்மாவில் நாற்று நட்டவர்கள், லேவாதேவி நடத்திய செட்டியார்கள் எல்லாரும் அதில் உண்டு. நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனதில் 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது, பர்மிய விவசாயியின் கோபத்துக்கு அதுவும் ஒரு நியாயமான காரணம், அதை நாம் மறைக்கக்கூடாது. 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கிகள் 1963-ல், கடைகள் 1964 மார்ச்சில் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பாட்டியின் குடும்பம் கப்பல் ஏறியது அந்த வருடம்தான் என்கிறீர்கள். எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று நான் விவரித்து எழுதத் தேவையில்லை, அவர் வாயாலேயே கேளுங்கள்.

அங்கேயே தங்கியவர்கள் நிலை வேறு. 1982 குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனங்களுக்கு மட்டும் முழுக் குடியுரிமையைத் தானாகக் கொடுத்தது. அதன்பிறகு போன குடும்பங்களில் பலருக்கு இரண்டாம் தரம், மூன்றாம் தரம், குடியுரிமைக் கார்டின் நிறமே வேறு. 135 இனங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் தமிழரும் இல்லை. நீங்கள் எழுதிய இந்தியர் 2% என்பது அங்கேயே தங்கிய இவர்களைப் பற்றியது, அவ்வளவுதான். உங்கள் பாட்டி அதில் இல்லை.

சரி, பாட்டி எந்தக் கணக்கில் இருக்கிறார்? 1953-ல் நகரங்களில் எடுத்த கணக்கில் 15 வயதுப் பெண்ணாக இருந்திருக்கலாம், அது உள்நாட்டுப் போரால் கிராமங்களில் பாதியில் நின்றுபோன கணக்கெடுப்பு. அதற்கும் முன்னால் 1941-ல் ஒன்று நடந்தது. அப்போது அவருக்கு மூன்று வயது. ரங்கூனில் அவர்கள் வீட்டு வாசலுக்கு யாரோ வந்து, குழந்தை ஒன்று, பெண் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். அடுத்த வருடமே ஜப்பான் படை உள்ளே வந்தது, லட்சக்கணக்கான இந்தியர்கள் அஸ்ஸாம் வரை நடந்தார்கள், கணக்கெடுப்புத் தாள்கள் போரில் அழிந்தன. தப்பியது தற்காலிகமாகக் கூட்டிவைத்திருந்த மொத்தத் தொகை மட்டும், 1 கோடியே 68 லட்சம். அந்தக் கூட்டுத்தொகையில் அவர் ஒருவர்.

நோட்டில் மியான்மர் பக்கத்தின் ஓரத்தில் 1941 என்று போட்டு அந்த எண்ணை எழுதிக்கொடுங்கள். எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர், 1942-ல் நடந்துவந்து பிறகு திரும்பிப் போனவர்களா இல்லை அங்கேயே இருந்துவிட்டவர்களா என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்