ஒரே அண்டாச் சாம்பார்

கேள்வி: கறுப்பர்களின் ப்ளூஸ், துள்ளல் ராக்கபிலி, கிராமத்து ரூட்ஸ் என்கிற மூன்று இசைவகைகளையும் ‘முதல்முறையாக’ இணைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓர் அமெரிக்க ஆல்பம் வந்திருக்கிறது. நண்பர்கள் ஆஹா ஓஹோ என்கிறார்கள். மூன்று வீட்டுச் சாம்பாரை ஒன்றாகக் கொட்டினால் புதுச் சாம்பார் ஆகிவிடுமா, ஆசிரியரே?

பதில்: மூன்று வீடு எங்கே இருக்கிறது? கொதித்ததெல்லாம் ஒரே அண்டாவில்தான். அதை வேறுவேறு தூக்குவாளியில் ஊற்றி லேபிள் ஒட்டியவர்கள் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள். 1920-களில் கறுப்பர் பாடினால் ‘ரேஸ் ரெக்கார்டு’, தென்மாநிலத்து வெள்ளையர் பாடினால் ‘ஹில்பில்லி’ என்று தனித்தனிப் பட்டியல் போட்டு விற்றார்கள். இசை வாசிக்கிறவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஹில்பில்லிக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சின்ன வயதில் கிட்டார் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்கிற கறுப்பினத் தெருப்பாடகர். ‘ரூட்ஸ்’ என்கிற லேபிள் ரொம்பப் பின்னால் வந்தது.

‘முதல்முறை’ என்பதற்கு வருகிறேன். 1954 ஜூலை 5, மெம்ஃபிஸில் சாம் பிலிப்ஸின் சன் ஸ்டுடியோ. எல்விஸ் பிரெஸ்லிக்கு வயது 19. உருகி உருகிப் பாடிப் பார்த்தும் எதுவும் தேறவில்லை. இடைவேளையில் பையன் விளையாட்டாக கறுப்பினப் பாடகர் ஆர்தர் க்ரூடப்பின் ‘தட்ஸ் ஆல் ரைட்’ என்ற ப்ளூஸ் பாட்டை எடுத்துக் குதிக்கிறான். கிட்டார் ஸ்காட்டி மூர், டபுள் பேஸ் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. பிளாக் கம்பியைச் சுண்டி இழுத்து விடுவார். அது பலகையில் ‘டக்’கென்று அறையும். தாளத்துக்கு அதுவே போதும். பிலிப்ஸ் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, முதலிலிருந்து வாசிக்கச் சொல்லி டேப்பை ஓடவிட்டார்.

அந்த ரெக்கார்டின் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. ப்ளூகிராஸ் என்கிற கிராமிய இசையின் பிதாமகர் பில் மன்றோவின் ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’. அவர் மூன்றடி வால்ட்ஸாக, ஆற அமரப் பாடியது. நம் கணக்கில் திஸ்ரம். பையன்கள் அதை நாலடிச் சதுஸ்ரமாக்கி ஓடவிட்டார்கள். ஆக ஒரு பக்கம் ப்ளூஸ், ஒரு பக்கம் ரூட்ஸ், வாசித்த விதம் ராக்கபிலி. எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரே ஒரு இசைத்தட்டு! ராக்கபிலி என்ற சொல்லே ராக்கும் ஹில்பில்லியும் ஒட்டியதுதானே. கலவையை இன்னொரு தடவை கலக்குவதில் என்ன பெருமையோ.

சரி, புது ஆல்பம் எப்படி? கேட்டேன். பாடகர் நன்றாகவே பாடுகிறார். மூன்றாவது பாட்டில் அந்த ‘டக்’ சத்தம் தலைகாட்டுகிறது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்வதற்குள் டிரம்ஸை ஏற்றி அமுக்கிவிட்டார்கள். எதிரொலியையும் எல்லாப் பாட்டுக்கும் தோசைக்கு எண்ணெய் மாதிரி ஊற்றியிருக்கிறார்கள். பிலிப்ஸ் இரண்டு டேப் மெஷினை வைத்து ஒரு நூலிழை தாமதத்தில் எடுத்த எதிரொலி அது. அளவு தெரிந்த மனுஷன்.

கூடவே ஒன்று. விளம்பரத்தில் ‘முன்னோடிகளுக்கு அஞ்சலி’ என்று ஒரு வரி வருகிறது. முன்னோடிகளின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. க்ரூடப் ராயல்ட்டிக்காகப் பல வருஷம் நடையாய் நடந்து, சேரவேண்டிய பணம் சேராமலே 1974-ல் போய்ச் சேர்ந்தார். அவருக்காவது எல்விஸ் இசைத்தட்டின் லேபிளில் பெயர் போட்டிருந்தார்கள்.