ஒற்றை ஏணிக்குப் பதில் பக்கெட் லிஃப்ட்

கேள்வி: கூடலூரில் இரண்டு ஏக்கர் தேயிலை. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறேன். மூங்கில் ஏணியில் ஏறிப் பறிக்க ஆள் கிடைப்பதில்லை. பழைய தெருவிளக்கு வண்டியின் ஹைட்ராலிக் கையும் பக்கெட்டும் கோவை உக்கடத்தில் மலிவாக வருகின்றன. டிராக்டர் ட்ரெய்லர் சேசிஸில் பொருத்தி, ஜீப்பில் இழுத்துக்கொள்ளலாமா, ஐயா?

பதில்: பொருத்தலாம் தம்பி. ஆனால் கையின் விலையை மட்டும் பார்க்கிறீர்கள். அது நிற்கப்போகும் கால்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். கை வண்டியின் நடுவிலிருந்து 8 மீட்டர் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. நுனியில் பக்கெட், ஆள், மிளகுச் சாக்கு எல்லாம் சேர்ந்து 150 கிலோ. கையின் சொந்த எடை 150. அது பாதித் தூரத்தில் இறங்குவதாகக் கொள்ளுங்கள். தரையில் ஊன்றும் பக்கக்கால், அதாவது ஊன்றுகால், வண்டியின் நடுவிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருந்தால், எடையை ஊன்றுகாலிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்குங்கள். கவிழ்க்கும் பக்கம் 150 × 6.5 + 150 × 2.5, அதாவது 975 + 375 = 1350. சேசிஸ் 900 கிலோ என்றால் தாங்கும் பக்கமும் 900 × 1.5 = 1350. சமதரையிலேயே தராசு முள் நடுவில் நிற்கிறது! ஊன்றுகாலை 2 மீட்டருக்கு நீட்டுங்கள்: 1200-க்கு எதிராக 1800. அரை மீட்டர் இரும்பில் உயிர் தப்புகிறது. சரிவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தோட்டச் சாலையோர மரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண் இளகியிருந்தால் காலுக்கடியில் தடித்த பலகை வேண்டும்.

அடுத்தது, எண்ணெய் ஓடும் ரப்பர் குழாயான ஹோஸ் வெடித்தாலும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் வால்வு. அது சிலிண்டரிலேயே திருகப்பட்டிருக்க வேண்டும். இடையில் ஹோஸ் இருந்தால் வால்வு இருந்தும் பயனில்லை. நான் வேலை பார்த்த பட்டறையில் அப்படித்தான் செய்திருந்தோம். ஒரு நாள் ஹோஸ் பிளந்து, என்னோடு சேர்ந்து பக்கெட் இறங்கியது. முட்டி இன்றும் பனிக்காலத்தில் அதை நினைவூட்டுகிறது. ஹோஸ்களைப் புதிதாகவே வாங்குங்கள். ஆள் ஏறுமுன், ஏற்றப்போகும் எடையின் ஒன்றேகால் மடங்கு மணல் மூட்டையை ஏற்றி, சிலிண்டர் தண்டில் சாக்பீஸ் கோடு போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். கோடு நகர்ந்தால் சீலோ வால்வோ கசிகிறது.

இடுப்புப் பட்டை போதாது. உடல் முழுவதும் மாட்டும் பெல்ட்டை லிஃப்டின் கையில் பற்றவைத்த வளையத்தில் கட்டுங்கள். மின்கம்பி ஓடும் வரிசையில் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தாமல் லிஃப்டைத் தூக்காதீர்கள், இரும்புக் கை அது.

ட்ரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா? இல்லையென்றால் ஊட்டியிலிருந்து வரும்போது நடுவட்டம் இறக்கத்தில் ஜீப்பை அது பின்னாலிருந்து தள்ளும். லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதே நல்லது.

உக்கடம் போகும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். புதுப் பெயிண்ட் மின்னும் இடமெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள்.