கப்பல் நிக்கிற ஒரு நாளிலை சைகோன் பாக்கலாமோ?

கேள்வி: கனடாவிலை இருக்கிற மகள் எங்களையும் குரூஸிலை கூட்டிக்கொண்டு போறா, வியட்நாமிலை கப்பல் ஒரு பகல்தான் நிக்குமாம். அவருக்கு முழங்கால் நோ. தனி கைட் பிடிக்கலாமோ? (வாசகி, கொக்குவில்)

பதில்: பிடியுங்கோ அக்கா, முழங்கால் நோ எண்டால் அதுதான் நல்லம், பஸ்ஸிலை 40 பேரோடை ஓடத் தேவையில்லை, நினைச்ச இடத்திலை இருந்து ஆறலாம். ஆனா பெரிய கப்பலுகள் கனக்க ஃபூ மி துறைமுகத்திலைதான் நிக்கும், அங்கையிருந்து ஹோ சி மின் நகரின்ரை (அதுதான் சைகோன்) நடுப்பகுதிக்கு ஒரு வழிக்கே 2 மணித்தியாலம் வரை போகும். கப்பல்காரரின்ரை டூர் பிந்தினால் கப்பல் காத்துநிக்கும், தனி வான் பிந்தினால் நிக்காது, அதாலை கப்பலிலை ஏறவேண்டிய கடைசி நேரத்துக்கு 2 மணித்தியாலம் முந்தியே திரும்புங்கோ. விலை பேசேக்கை கார், கைட், டிக்கெட் எல்லாம் சேத்தோ எண்டு எழுத்திலை வாங்குங்கோ.

1891இலை கட்டி முடிச்ச தபால் கந்தோர், பென் தான் சந்தை, அதுக்குக் கிட்ட எங்கட ஆக்கள் கட்டின மாரியம்மன் கோயில், இந்த மூண்டும் போதும். அந்தக் கோயிலிலை வியட்நாம் சனம் மூலஸ்தானத்துக்குப் பின்னாலை சுவரிலை நெத்தியை வைச்சு மெதுவா அம்மனோடை கதைக்கிறதைப் பாத்து எனக்குக் கண் கலங்கிப்போச்சு. கட்டாயம் போங்கோ.