லெந்து முடிந்தது, கம்பளி திரும்பவில்லை

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். நாங்கள் கோத்தகிரி பக்கம். கல்யாணமாகி 22 வருடம். எனக்கு 46, அவருக்கு 52. தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருக்கிறார், வாரத்தில் பாதி நாள் ராத்திரி ஷிப்ட். பையன் கோவையில் ஹாஸ்டலில். மாமியார் எங்களோடு. சண்டை இல்லை, குடி இல்லை, குடும்ப ஜெபம் தவறுவதில்லை. போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய அந்த உபவாச காலத்தில், உபவாசம் என்று சொல்லி, கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஹால் திவானில் போய்ப் படுத்தார். ஈஸ்டர் போய் அறுப்பின் பண்டிகையும் வந்துவிட்டது. கம்பளி இன்னும் திவானில்தான். கேட்டால், "இந்த வயசுல என்ன?" என்கிறார். நான் ஏங்குவது மாம்ச இச்சையா? எப்படி ஜெபிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இல்லை. கட்டின கணவன் பக்கத்தில் படுக்க ஆசைப்படுவது மாம்ச இச்சை ஆகாது. ஜெபம் இருக்கட்டும், முதலில் கம்பளியைப் பார்ப்போம்.

1 கொரிந்தியர் 7:5-ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். தம்பதிகள் பிரிந்திருக்கப் பவுல் வைக்கும் நிபந்தனைகள் மூன்று: இருவரும் சம்மதிக்க வேண்டும், சில காலம்தான், அதுவும் உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும். அந்த வசனம் அங்கே முடியவில்லை. மறுபடியும் கூடிவாழுங்கள் என்றும் சொல்கிறது. லெந்து ஞாயிறுகள் நீங்கலாக 40 நாள். உங்கள் வீட்டில் சம்மதமும் கேட்கவில்லை, கெடுவும் வைக்கவில்லை. ஆனால் வசனத்தைத் தடியாகத் தூக்காதீர்கள். அதற்கு முந்தைய இரண்டு வசனங்கள் கணவனுக்கும் மனைவிக்கும் சரிசமமாக எழுதப்பட்டவை. அதைக் காட்டி யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

காரணம் பக்தி மட்டும்தானா என்பது எனக்குச் சந்தேகம். ஐம்பதைத் தாண்டிய ஆண் சட்டென்று விலகினால், உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாரோ என்று பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சில பிரஷர் மாத்திரைகள், தூக்கம் கெட்ட ஷிப்ட், எதுவும் விறைப்பைக் குறைக்கலாம். ஒரு தடவை தோற்றுப்போனவர் அடுத்த தடவையைத் தள்ளிப்போட நாற்பது நாள் உபவாசம் நல்ல மறைப்பு. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, பிரஷர் இவற்றைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நண்பர் சொன்னார் என்று வயாகரா வகை மாத்திரை வாங்கவும் கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் அதைச் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

உங்கள் பக்கமும் ஒன்று. 46 என்றால் மாதவிடாய் நிற்கப்போகும் காலம். வறட்சியும் வலியும் வருவது சகஜம். மருந்துக்கடையில் தண்ணீர் சார்ந்த ஜெல் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். ஆணுறை போடுவதாக இருந்தால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். உங்கள் வயதில் மாதவிடாய் முழுதாக 2 வருடம் நிற்கும்வரை கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டு, இதையும் மறக்க வேண்டாம்.

பேச்சைத் தொடங்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். படுக்கப்போகும் நேரத்தில் தொடங்குவது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, மாமியாரும் உட்கார்ந்திருக்கும் குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, எங்களுக்குள் அன்பைத் தாரும்" என்று கணவன் காதில் விழ ஜெபிப்பது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் புகார் புகார்தான். உங்கள் ஏக்கத்தைத் தனி ஜெபத்தில் சொல்லுங்கள். அவரிடம் தோட்டத்துப் பக்கம் நடக்கும்போது ஒரே வாக்கியம் போதும்: "சனிக்கிழமை கம்பளிய உள்ள கொண்டு வாங்க, சும்மா பக்கத்துல படுங்க." "நீங்க மாறிட்டீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு வழக்காடுவதில் போய் நிற்கும்.

அந்த "சும்மா" முக்கியம். முதல் இரண்டு வாரம் ஒரே கம்பளிக்குள் இருபது நிமிடம். கையைப் பிடிக்கலாம், முதுகைத் தடவலாம், பேசலாம். அதற்குமேல் இல்லை என்று இருவரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். தேர்வு இல்லை என்று தெரிந்தால்தான் பயம் இறங்கும். டீ மேக்கருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பறித்த இலையை வாடவிடாமல் மிஷினில் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். அந்த இருபது நிமிடத்தில் இலை விலை, ஃபீஸ், மாமியார் மருந்து மூன்றும் பேசக் கூடாது.

நேரம் ராத்திரியாகத்தான் இருக்க வேண்டுமா? ஆதியாகமம் 26:8-ல் ராஜா அபிமெலேக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கிறான், ஈசாக்கு தன் மனைவி ரெபெக்காளோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். எபிரெயத்தில் அந்த வினைச்சொல் ஈசாக்கின் பெயரோடு ஒரே வேர், சிரிப்பு என்ற பொருள் உள்ளது. நாற்பது வயதில் கல்யாணம், அறுபதில்தான் பிள்ளைகள், அடுத்த அதிகாரத்தில் இந்த விளையாட்டு. "இந்த வயசுல என்ன" என்பவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வருபவர் காலையில் சாப்பிட்டுத் தூங்கி எழ மதியம் ஆகும். மாமியார் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போகும் பிற்பகல் உங்களுக்கு வாய்த்த நேரம்.

கோத்தகிரிக் குளிரில் ஜில்லென்ற படுக்கையே ஆளை விரட்டும். ஹாட் வாட்டர் பேகில் கொதிக்காத சுடுதண்ணீரை மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, டவலில் சுற்றிக் கால்மாட்டில் கால் மணி நேரம் முன்பே வையுங்கள். கரி அடுப்பை மட்டும் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மூடிய அறையில் அதிலிருந்து வரும் விஷவாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். மலையில் அப்படிச் செத்தவர்கள் உண்டு.

பகலில் ஏன் தாழ்ப்பாள் என்று மாமியார் கேட்டால், "காத்து அடிக்குது அத்தே" என்றால் போதும். நம் ஊரில் வருடம் முழுக்கச் செல்லும் பதில் அது.