பத்து நாளைக்குப் போதும்

"பெரியம்மா, மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை மாசத்துச் சாமான் வாங்கி வைக்கணும்? வீட்டுக்குப் பின்னால சும்மா கிடக்கிற மூணு செண்டுல என்ன போடலாம்?" என்று கேட்டிருந்தாய். இலங்கையில் அட்டனிலிருந்து நீலகிரியில் கோத்தகிரிக்கு மருமகளாக வந்து எட்டு மாதம்தான் ஆகிறது உனக்கு. எனக்கு இந்த மலையில் ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. உன் கேள்வியைப் படித்ததும் எங்கம்மா கேட்கிற மாதிரியே இருந்தது, அதனால்தான் பதில் நீளமாகப் போகிறது.

போன வாரம் உன் வீட்டுக்கு வந்தபோது கட்டிலுக்கு அடியில் பால் பவுடர் டப்பா ஏழு எண்ணினேன். பக்கத்தில் மைதா மூட்டை. உன் மாமியார் எனக்குக் கண்ணைக் காட்டினார், நான் ஒன்றும் கேட்கவில்லை. 2022-ல் இலங்கையில் சாமான் தட்டுப்பாட்டில் பால்மாவுக்கும் கேஸுக்கும் இருட்டோடு போய் வரிசையில் நின்றவளுக்குக் கடையில் சாமான் இருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அது பேராசை இல்லை என்று எனக்குத் தெரியும். உன் மாமியாருக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எங்கம்மா உன்னைவிட மோசம். சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலத்துப் பஞ்சத்தில், 1974-ல், லயத்தில் (தோட்டத்து லைன் வீட்டில்) மரவள்ளியும் வத்தாளங்கிழங்கும் (சர்க்கரைவள்ளி) கீரையும் தின்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறியவர்கள் நாங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் அம்மாவுக்குப் பேர் பதிந்தார்கள். முதல் சம்பளத்தில் அம்மா ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதைத் தொடக்கூடாது. அன்றாடச் சோத்துக்கு வேறு அரிசி. கார்த்திகை முடிவதற்குள் மூட்டையின் அடிப்பக்கம் பூசணம் பூத்துக் கட்டி தட்டிவிட்டது. அதைக் கொட்ட மனசு வராமல் அடுப்புக்கு மேலே காயவைத்து, கழுவி, ஆக்கிப் போட்டாள். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பூசணம் பிடித்த தானியத்தைக் கழுவினாலும் ஆகாது, வேகவைத்தாலும் ஆகாது என்று அப்போது யாருக்குத் தெரியும்? நீ அப்படிச் செய்துவிடாதே. போனது போகட்டும் என்று கொட்டு.

ஆகவே என் கணக்கு: மூன்று மாதம் வேண்டாம், பத்து நாளைக்கு இருந்தால் போதும்.

ஏன் பத்து நாள் என்றால், இங்கே பயப்பட வேண்டியது கடைக்கு இல்லை, ரோட்டுக்கு. இந்த மலை தேயிலையும் காய்கறியும் கீழே அனுப்பும். அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், கேஸ் சிலிண்டர் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் வளைவில் ஏறி வரவேண்டும். இன்னொன்று, உங்கள் அட்டனில் பெருமழை என்றால் வைகாசி ஆனி. கோத்தகிரிப் பக்கம் அந்த மாதங்களில் சாரலும் மூடுபனியும்தான். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை. (பந்தலூரில் இருக்கிற உன் சித்திக்கு அட்டன் மாதிரியே ஆனி ஆடி. ஒரே மாவட்டம், இரண்டு மழைக்காலம்.) 2009 நவம்பரில் மண் சரிந்து இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். மலை ரோடெல்லாம் அங்கங்கே அறுந்தது. எங்கள் லைன் வீடுகளில் கரண்டு இல்லை, குழாயில் சேறு. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அரிசி இருந்தது, தீப்பெட்டி இல்லை! எதிர்வீட்டில் தீப்பெட்டி இருந்தது, அரிசி இல்லை. அப்படியே ஓட்டினோம்.

இப்போது கணக்கைப் பிடி. வீட்டில் மூன்று பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசியோ ராகியோ வைத்தால் பத்து நாளைக்கு 12 கிலோ. பருப்பு இரண்டரை கிலோ. எண்ணெய் ஒன்றரை லிட்டர். உப்பு, புளி, மிளகாய், சர்க்கரை, தேயிலைத்தூள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, மாமியாரின் பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை கூடுதலாக. கொதிக்கவைத்த தண்ணீர் பிடித்துவைக்க மூடி போட்ட இரண்டு குடம். அவ்வளவுதான். இதில் பாதி ரேஷனிலேயே வந்துவிடும்: அரிசிக்குக் காசு இல்லை, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2023-லிருந்து நம் மாவட்டத்தில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கிறார்கள், பலர் வாங்காமல் விடுகிறார்கள். நீ விடாதே. ராகி மாதிரி வண்டு சீண்டாத தானியம் கிடையாது, காய்ந்திருந்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆனால் மாவாக்கினால் சீக்கிரம் கசந்துவிடும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள். சிலோனில் ரொட்டி தட்டிப் பழகிய கைக்குக் களி கிண்டுவது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். பக்கத்துப் படுகர் வீட்டு அம்மாவிடம் போய் நின்று பார். அவர்கள் கையில் ஒரு கட்டி விழாது.

பருப்பில் ஒரு சூட்சுமம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் குக்கர் இல்லாமல் வேகவே வேகாது, கேஸைக் குடிக்கும். சிலிண்டர் லாரி வராத வாரத்துக்கு என்று பாசிப்பருப்பும், நம்ம மைசூர்ப் பருப்பும் தனியாக ஒரு கிலோ வைத்துக்கொள். ஒரு கொதியில் கரைந்துவிடும். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழுகிற குச்சியை, அதான் மிலாறை, கட்டிக்கொண்டு வந்து பரணில் போட்டுவை. நனையாத மிலாறு நாலு கட்டு இருந்தால் சிலிண்டர் வராத நாட்களுக்குக் கைகொடுக்கும்.

ஈரம்தான் இங்கே திருடன். ஐப்பசியில் உப்பு அழும், அப்பளம் துவளும், மிளகாய்த்தூள் கட்டியாகும். மழை பிடித்த பிறகு எதையும் காயவைக்க முடியாது, வெயில் வந்தால்தானே. வாங்குகிற காலம் மாசி பங்குனி. அப்போது கீழே புதுப்புளி, புதுமிளகாய், மல்லி எல்லாம் வரும். நான் என்ன செய்வேன் என்றால், காரமடையில் இருக்கிற என் நாத்தனார் வீட்டு மொட்டைமாடியிலேயே இரண்டு நாள் போட்டு, சருகாகச் சத்தம் வந்த பிறகுதான் மலையேற்றுவேன். புளியைக் கொட்டை நார் எடுத்து, ஒரு படை புளி ஒரு படை கல்லுப்பு என்று பீங்கான் பரணியில் அமுக்கிவை. பருப்பை லேசாக வறுத்து ஆறவைத்து டின்னில் போடு. சூடு ஆறாமல் மூடினால் வேர்த்துக் கெடும். அரிசியைத் தரையில் வைக்காதே, சுவரில் சாய்க்காதே, பலகை மேல் வை. புதுசை அடியில் போட்டுப் பழசை மேலே எடு. எங்கம்மா செய்யாத வேலை அது ஒன்றுதான்.

இனி கரடி. அட்டனில் சிறுத்தை பார்த்திருப்பாய், பன்றி பார்த்திருப்பாய், கரடி பார்த்திருக்க மாட்டாய். கோத்தகிரிக் கரடிக்கு எண்ணெய், வெல்லம், நெய் என்றால் உயிர். கோவிலில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கும், சத்துணவுக்கூடத்துக் கதவை உடைக்கும். அதனால் எண்ணெயும் வெல்லமும் ஜன்னலோரத்தில் வேண்டாம், உள் அறையில் இறுக மூடிய டின்னில். அடுப்படிக் கழிவைக் கொல்லையில் வீசாதே. பலாப்பழம் வாங்கினால் அன்றே தின்றுவிடு, கொட்டையைக் கூட வெளியே போடாதே. பொழுது சாய்ந்த பிறகு கீரை பறிக்கப் பின்னால் போகவே போகாதே. பந்தலூர் பக்கம் அரிசிக்கே ஆபத்து. 2022 கடைசியில் வனத்துறை ஒரு மக்னா யானையை (தந்தமில்லாத ஆண் யானை) பிடித்ததே, அதற்கு 'அரிசி ராஜா' என்றே பேர். வீடு வீடாக உடைத்து அரிசி தின்றது. உன் சித்தி வீட்டில் அதற்கப்புறம் ஐந்து கிலோவுக்கு மேல் வைப்பதில்லை.

தோட்டத்துக்கு வருவோம். புதுசாக மேட்டை வெட்டிப் பாத்தி எடுக்காதே. உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புச்சுவருக்கு ஒட்டி மண்ணைத் தோண்டவே கூடாது, மழையில் சுவரோடு வந்துவிடும். இருக்கிற சமதளத்தில் சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடு, ஓரமாகத் தண்ணீர் வடிய வாய்க்கால் விடு. இது தேயிலை நின்ற மண், புளிப்பு ஜாஸ்தி. அடுப்புச் சாம்பலைத் தூவி வா. உருளைப் பாத்திக்கு மட்டும் சாம்பல் வேண்டாம், கிழங்கின் தோலில் சொறி விழும்.

இப்போது புரட்டாசி. கடைபோகத்துக்குப் பிந்திவிட்டாய், காரட் விதைத்தால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். மேரக்காயில் தொடங்கு. உங்கள் ஊரில் சௌசௌ. முளைவிட்ட முழுக்காயைப் படுக்கவைத்துப் பாதி மண்ணுக்குள் போனால் போதும். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு பந்தல் கட்டு. நாலைந்து மாதத்தில் காய் பிடித்தால் வருஷம் முழுக்கக் கொட்டும், பறித்த காய் வாரக்கணக்கில் வாடாது, இளந்தளிரைக் கீரையாகச் சுண்டலாம். ரோடு அறுந்த வாரத்தில் எங்களைக் காப்பாற்றியது அதுதான். கூடவே ஒரு வரிசை மலைப்பூண்டு, வேலியில் அவரை, வடிகால் ஓரத்தில் வல்லாரை. தேங்காய் கிடைக்கும்போது வல்லாரைச் சம்பல் போடலாம், அந்த ஆசை உனக்கும் இருக்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் இங்கே குளிரில் தேறாது. வைத்துப் பார்த்து மனசு விடாதே, கீழேயிருந்து வாங்கிக் காயவைத்துக்கொள்.

மார்கழி தையில் உறைபனி விழும். அட்டனில் நீ பார்க்காதது. ராத்திரியில் நாற்றின் மேல் பெரணித் தழை போட்டு மூடு, மறந்துவிட்டால் வெயில் ஏறும் முன்னே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடு. வெயில் பட்டால் இலை கருகிவிடும்.

உருளைக்கிழங்கு மாசியில் நீர்போகத்தில், அதாவது தண்ணீர் பாய்ச்சிப் போடுகிற போகத்தில், போட்டுப் பார்க்கலாம். ஒரே பாத்தியில் திரும்பத் திரும்பப் போடாதே, நூற்புழு இந்த மலை மண்ணில் 1961-லேயே கண்டுபிடித்தது. உருளை எடுத்த இடத்தில் பூண்டோ பீன்ஸோ காரட்டோ போடு. தோண்டிய கிழங்கை இருட்டில் வை, வெங்காயத்தோடு சேர்க்காதே, பச்சை ஏறியதைத் தின்னாதே. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மூன்று செண்டில் நீ குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது. குழம்புக்குக் காய் வரும், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் கடைதான், ரேஷன்தான், எதிர்வீடுதான்.

பேச்சு மாற்றமும் பழகிக்கொள். கடையில் போய்க் கோவா கேட்டால் பால்கோவா எடுத்துக் கொடுப்பான். முட்டைக்கோஸ் என்று கேள். போஞ்சி என்றால் முழிப்பான், பீன்ஸ். ரொட்டிக்கு நம்ம ஊர்ப் பேரில் பாண் என்று நான் பதினொரு வயதில் கேட்டதற்குக் கடைக்காரர் வெற்றிலைப் பக்கம் கை நீட்டினார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் பரணில் மேரக்காய் இரண்டு முளைவிட்டுக் கிடக்கிறது, எடுத்து வருகிறேன். குழி மட்டும் எடுத்துவை. அந்த ஏழு டப்பாவையும் வெளியே எடுத்துத் தேதி பார், எது முதலில் முடிகிறதோ அதைத் திறந்து எல்லோருக்கும் நல்லாப் பால் விட்டு ஒரு டீ போடு.