வேலைக்கும் கேமுக்கும் ஒரே மானிட்டர்: நம்ம ஊர்க்காரங்க கேள்விகளும் பதில்களும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஆபீஸ்களுக்கும் வீடுகளுக்கும் சிஸ்டம் போட்டுக் கொடுக்கிறது என் தொழில். பகல்ல வேலை, ராத்திரி கேம், ரெண்டுக்கும் ஒரே மானிட்டர் வேணும்னு கேட்கிறவங்க இப்போ ரொம்ப அதிகம். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே கொடுத்திருக்கேன்.

ஓசூர், ஐடி வேலை: அண்ணா, வீட்டிலிருந்தே வேலை. எட்டு ஒன்பது மணி நேரம் கோடிங், எக்செல். ராத்திரி கொஞ்ச நேரம் வாலரண்ட், ஜிடிஏ. பட்ஜெட் 20 ஆயிரம். 27 இன்ச் 1080பி 180 ஹெர்ட்ஸ் ஒண்ணு ஆஃபர்ல இருக்கு, வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. நீங்க கேம் ஆடுறது ரெண்டு மணி நேரம், எழுத்தைப் பார்க்கிறது ஒன்பது மணி நேரம். அதனால எழுத்து எப்படித் தெரியுதுன்னு முதல்ல பாருங்க, ஹெர்ட்ஸை (திரை ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை புதுப்பிக்குதுங்கிற கணக்கு) அப்புறம் பார்க்கலாம். 24 இன்ச்ல 1080பி (1920க்கு 1080 பிக்சல்) வந்தா ஒரு இன்ச்சுக்கு சுமார் 92 பிக்சல். அதே 1080பியை 27 இன்ச்சுக்கு இழுத்தா 82 ஆகக் குறைஞ்சிடும். 27 இன்ச்ல 1440பி (2560க்கு 1440) எடுத்தா 109. எண்ணுல பார்த்தா சின்ன வித்தியாசம்தான், கண்ணுக்கு அப்படி இல்லை.

கடையில ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. மொபைல்ல இருக்கிற ஏதாவது தமிழ் பிடிஎஃப், பட்டா சிட்டா நகல் இருந்தாலும் சரி, அதை மானிட்டர்ல 100 சதவீத அளவுல திறங்க. ‘க்’ மேல இருக்கிற புள்ளி தனியா நிக்குதா, எழுத்தோட ஒட்டிக்கிட்டுத் தெரியுதா? ‘ஞ’வோட சுழி உள்ளே வெள்ளை இடம் தெரியுதா? ‘ணு’வும் ‘னு’வும் ஒரே பார்வையில பிரிஞ்சு தெரியுதா? ஆங்கில எழுத்துக்கு 82 பிக்சல்லயும் ஓரளவு ஒப்பேத்திடலாம். நம்ம எழுத்துல வளைவும் சுழியும் அதிகம், பிக்சல் குறைஞ்சா முதல்ல அடிபடுறது அதுதான். விண்டோஸ்ல எழுத்தைத் தெளிவாக்குற க்ளியர்டைப்பைச் சரி பண்ணினா கொஞ்சம் தேறும், ஆனா இல்லாத பிக்சலை அது கொண்டுவராது.

உங்க பட்ஜெட்டை ஒட்டி 27 இன்ச் 1440பி ஐபிஎஸ் (பக்கவாட்டுல பார்த்தாலும் கலர் அதிகம் மாறாத பேனல் வகை), 144 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிற மாடல்கள் இப்போ கிடைக்குது. அதுக்குப் போங்க. கிராபிக்ஸ் கார்டு பழசுன்னா, இல்ல டேபிள் சின்னதுன்னா, 24 இன்ச் 1080பி ஐபிஎஸ் தாராளமா போதும். மிச்சமாகிற காசை நல்ல நாற்காலியில போடுங்க.

பர்கூர், இன்ஜினியரிங் மாணவர்: அண்ணா, ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்போட 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாட்டினேன். பழைய மானிட்டருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலை. ஏமாந்துட்டேனா?

ஏமாறலை. பெரும்பாலும் அது இன்னும் 60லதான் ஓடிக்கிட்டு இருக்கும். விண்டோஸ் தானா 60 ஹெர்ட்ஸ்ல விட்டுடறது அடிக்கடி நடக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பாருங்க. அங்க ரெஃப்ரெஷ் ரேட்ல 165 இருந்தா தேர்ந்தெடுங்க. அந்த எண்ணே பட்டியல்ல இல்லைன்னா கோளாறு கேபிள்லயோ போர்ட்லயோ இருக்கு. எச்டிஎம்ஐ 1.4 போர்ட்ல 1080பிக்கு 120, மிஞ்சினா 144 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். 1440பின்னா 75ஓட நின்னுடும். எச்டிஎம்ஐ 2.0 இருந்தா 1440பி 144 வரும். கேமிங் லேப்டாப்லயே சில மாடல்கள்ல பழைய எச்டிஎம்ஐ போட்டிருப்பாங்க. அப்படின்னா லேப்டாப்போட டைப்-சி போர்ட்ல டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருக்கான்னு பாருங்க. இருந்தா டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போதும்.

எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் மவுஸை வேகமா வட்டமா சுத்திப் பாருங்க, அங்கேயே தெரிஞ்சிடும். 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 16.7 மில்லிசெகண்ட் இடைவெளி, 165ல 6 மில்லிசெகண்ட்தான். ஆனா கேமுக்குள்ள செகண்டுக்கு அந்த அளவு ஃப்ரேம் (கார்டு அனுப்புற படம்) வந்தாத்தான் அதுக்குப் பலன். வாலரண்ட்ல 3050 அதைக் கொடுக்கும். பெரிய கேம்கள்ல 60, 70தான் வரும். அங்க உதவுறது ஃப்ரீசிங்க், அதாவது ஃப்ரேம் வர்ற வேகத்துக்குத் தக்கபடி திரையோட ஹெர்ட்ஸை மாத்துற வசதி. மானிட்டர் மெனுவுலயும் என்விடியா கண்ட்ரோல் பேனல்லயும் (அங்க பேர் ஜி-சிங்க்) ரெண்டு இடத்துலயும் ஆன் பண்ணுங்க. ஃப்ரேம் ஏறி இறங்கினாலும் படம் கிழியாது.

காவேரிப்பட்டணம், மாங்கூழ் கம்பெனி கணக்காளர்: சார், சீசன்ல ராத்திரி எட்டு மணி வரை டேலி. கண் எரியுது, தலைவலி வருது. ப்ளூ லைட் குறைக்கிற மானிட்டர் வாங்கினா சரியாகுமா? அதுக்கப்புறம் பையன் அதுலயே கேம் ஆடுவான்.

அக்கா, ப்ளூ லைட்டுக்குன்னு தனியா காசு கொடுக்காதீங்க. திரை வெளிச்சத்துல இருக்கிற நீலம் கண்ணைக் கெடுக்கும்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னு அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியே சொல்லுது. திரையை உத்துப் பார்க்கும்போது நாம கண் சிமிட்டுறது வெகுவா குறைஞ்சு கண் காஞ்சு போகுது. எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 செகண்ட் பாருங்க.

அடுத்தது வெளிச்சம். புது மானிட்டர் பெட்டியிலிருந்து வரும்போது பிரைட்னஸ் ரொம்ப ஏத்தி வெச்சிருப்பாங்க. ஒரு வெள்ளை பில் பேப்பரைத் திரைக்குப் பக்கத்துல பிடிங்க. திரையில இருக்கிற வெள்ளை அந்தப் பேப்பரை விடப் பளிச்சுன்னு இருந்தா, ரெண்டும் ஒண்ணா தெரியுற வரை குறைங்க. ராத்திரி ஆனா இன்னும் கொஞ்சம் குறைங்க. உங்களுக்குப் பின்னாடி ஜன்னலோ டியூப் லைட்டோ இருந்து திரையில பிரதிபலிச்சா, டேபிளைத் திருப்பிப் போடுங்க. திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துல, ஒரு கை நீட்டுற தூரத்துல இருக்கணும்.

இவ்வளவும் பண்ணின பிறகு புதுசு வாங்கறதா இருந்தா ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ன்னு (வெளிச்சம் மினுக்காதது) போட்ட, உயரம் ஏத்தி இறக்கக்கூடிய ஸ்டாண்ட் உள்ள 24 இன்ச் 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் பாருங்க. பையனுக்கும் அது போதும். தலைவலி அப்பவும் நிக்கலைன்னா ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட பவர் செக் பண்ணிடுங்க அக்கா, தள்ளிப் போடாதீங்க.

தர்மபுரி, ஃப்ளெக்ஸ் டிசைனர்: வளைஞ்ச விஏ பேனல் மானிட்டர் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஃபோட்டோஷாப் வேலை, நடுவுல கேம்.

உங்க வேலைக்கு ஐபிஎஸ்தான், அதுவும் தட்டையானது. வளைஞ்ச திரையில நேர்க்கோடு நேரா இருக்கான்னு பார்க்கறது சிரமம். விஏ பேனல்ல கறுப்பு நல்லா வரும். கான்ட்ராஸ்ட் ஐபிஎஸ்ல 1000:1 பக்கம்னா விஏல 3000:1 பக்கம். இருட்டு ரூம்ல படம் பார்க்க அருமையா இருக்கும். ஆனா பக்கவாட்டுல இருந்து பார்த்தா கலர் மாறும், கஸ்டமர் பக்கத்துல நின்னு ‘இந்தச் சிவப்புதான் வேணும்’னு சொல்றப்போ நீங்க பார்க்கிற சிவப்பும் அவர் பார்க்கிற சிவப்பும் ஒண்ணா இருக்காது. மலிவான விஏல வேகமான கேம் ஆடினா இருட்டு இடங்கள்ல நிழல் இழுபடுறதும் உண்டு. எஸ்ஆர்ஜிபி (திரை காட்டுற கலர்களுக்கான பொது அளவுகோல்) 99 சதவீதத்துக்கு மேல போட்டிருக்கிறதைப் பாருங்க. பெட்டியில ‘1 எம்எஸ்’, ‘எச்டிஆர் 400’னு போட்டிருக்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. எச்டிஆர் 400ன்னா வெளிச்சம் 400 நிட்ஸ் தொடும், அவ்வளவுதான். இடத்துக்கு இடம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி அதுக்குக் கட்டாயம் இல்லை.

கிருஷ்ணகிரி: பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் 5), ஆபீஸ் லேப்டாப் ரெண்டையும் ஒரே மானிட்டர்ல மாட்டணும்.

பிஎஸ்5ல டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். 2022லிருந்து 1440பி வசதி கொடுத்திருக்காங்க, அதனால 27 இன்ச் 1440பி தாராளமா பொருந்தும். 4கே 120 ஹெர்ட்ஸ் வேணும்னா மானிட்டர்ல எச்டிஎம்ஐ 2.1 இருக்கணும். அகலமான 21:9 திரை மட்டும் வாங்கிடாதீங்க, பிஎஸ்5 அதுல ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுடும். டைப்-சில 65 வாட் சார்ஜ் கொடுக்கிற மாடல் கிடைச்சா, ஆபீஸ் லேப்டாப்புக்கு ஒரே கேபிள்ல படமும் சார்ஜும் போயிடும்.

அரூர், இ-சேவை மையம்: மானிட்டர் விலைக்கே 32 இன்ச் டிவி கிடைக்குதே, அதை மாட்டலாமா?

கூடாது. அந்த விலையில வர்ற 32 இன்ச் டிவி பெரும்பாலும் 1366க்கு 768தான், இன்ச்சுக்கு 49 பிக்சல். ஆதார் எண்ணுல 3ஆ 8ஆன்னு நீங்க தடுமாறினா பாதிக்கப்படுறது வரிசையில நிக்கிறவங்க.

ஓசூர்: ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ற ஓஎல்இடி திரை வாங்கலாமா?

கேமுக்கு மட்டும்னா அதை அடிச்சுக்க ஆள் இல்லை. நாள் பூரா எக்செல்லும் டாஸ்க்பாரும் அசையாம நிக்கிற திரைக்கு நான் சொல்ல மாட்டேன், நாளாக ஆக அந்தத் தடம் பதிஞ்சுடும்.

பாலக்கோடு: கரண்ட் போய்ப் போய் வருது. மானிட்டரையும் யுபிஎஸ்ல மாட்டணுமா?

மாட்டணும். சாதாரண 600 விஏ (வோல்ட்-ஆம்பியர், மேல சொன்ன விஏ பேனல் இல்லை) யுபிஎஸ் சுமார் 360 வாட் தாங்கும். மானிட்டர் எடுக்கிறது 25லிருந்து 40 வாட்தான். சிபியு மட்டும் ஓடி, திரை அணைஞ்சு கிடந்தா ஃபைலை எப்படிச் சேவ் பண்ணுவீங்க? கேமிங் கார்டு இருந்தா மட்டும் 1000 விஏக்குப் போங்க. எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இருந்தா, அதைச் சரி பண்ணாம புது மானிட்டரை மாட்டாதீங்க.

ஊத்தங்கரை: ஆன்லைன்ல வாங்கலாமா, கம்ப்யூட்டர் கடைகள் நிறைஞ்ச பெங்களூரு எஸ்.பி. ரோடு போகலாமா?

ஓசூர்க்காரங்களுக்கு எஸ்.பி. ரோடு பக்கம், போகலாம். உங்களுக்குப் போய் வர ஒரு நாள் ஆகும், அதனால ஆன்லைனே வசதி. எங்க வாங்கினாலும், உங்க பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து சர்வீஸ் பண்ணுவாங்களான்னு அந்தக் கம்பெனி எண்ணுக்குப் போன் பண்ணி முன்னாடியே கேட்டுடுங்க. பெரும்பாலான பிராண்டுக்கு 3 வருஷ வாரண்டி உண்டு. ஆனா மானிட்டரைத் தூக்கிக்கிட்டு சேலமோ பெங்களூரோ அலையணும்னா அந்த வாரண்டியால பெரிய பிரயோஜனம் இல்லை.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. முதல் நாளே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு முழுத் திரைக்கும் ஒவ்வொரு கலரா வெச்சு செத்த பிக்சல் இருக்கான்னு பாருங்க. அப்புறம் லைட்டை அணைச்சுட்டு கறுப்புத் திரையில நாலு மூலையையும் பாருங்க. ஐபிஎஸ்ல கொஞ்சம் வெளிச்சம் கசியறது சகஜம், ஒரே மூலையில மட்டும் மஞ்சளா தனியா அடிச்சா மாத்திக்கிடுங்க. திருப்பி அனுப்புற கெடு முடியற வரை பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீங்க. ஆபீஸ் பேருல வாங்கினா பில்லுல ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்க, கட்டின 18 சதவீத வரியைக் கணக்குல எடுத்துக்கலாம்.